இல்லைச் சீட்டு

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. அதில் ஒரு கேள்வி இருந்தது, ஒரு வேண்டுகோள் இருந்தது, ஒரு 'பார்க்கலாம்' இருந்தது. இத்தனை வருஷம் டீச்சராக இருந்துவிட்டு உனக்கு ஏன் அம்மா பென்ஷனும் இல்லை, வைத்தியத்துக்கு ஒரு ஏற்பாடும் இல்லை என்பது கேள்வி. உன் கம்பெனியின் வைத்தியத் திட்டத்தில் என் பெயரைச் சேர்க்க வேண்டுமானால், எனக்கு வேறு எங்கிருந்தும் உதவி கிடைப்பதில்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதற்கு ஒரு கெஜட்டட் அதிகாரியிடம் அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டும் என்பது வேண்டுகோள். கிறிஸ்துமஸுக்கு நீயும் எஸ்தரும் தாம்பரம் வருகிறீர்களா என்று நான் போன மாதம் கேட்டிருந்ததற்கு உன் பதில்தான் 'பார்க்கலாம்'. மூன்றில் வேண்டுகோள் சுலபம். அதை முடித்து இதனுடன் வைத்திருக்கிறேன். 'பார்க்கலாம்' கஷ்டமானது, அதைக் கடைசிக்கு ஒதுக்கியிருக்கிறேன். நடுவில் உன் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். பதில் கொஞ்சம் நீளம். நாக்பூரில் உனக்கு ஞாயிற்றுக்கிழமையாவது நேரம் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு எல்லாக் கிழமையும் இருக்கிறது.

உனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தபோது நாம் சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். காய்ச்சல் போயிற்று. போகும்போது உன் இடது காலின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் நம்மைப் பாக்கியசாலிகள் என்று பேச ஆரம்பித்தார்கள். காரணம், உனக்கு இரண்டு பாதுகாப்பு இருந்தது. நான் வேலை பார்த்த மிஷன் பள்ளியில் ஆசிரியர் குடும்பங்களுக்கென்று ஒரு வைத்திய நிதி இருந்தது. உன் அப்பா ஃபிட்டராக இருந்த கிண்டித் தொழிற்சாலையில் சர்க்காரின் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் இருந்தது. "உங்களுக்கென்ன டீச்சர், இந்தக் கை இல்லாட்டி அந்தக் கை" என்று பக்கத்து வீட்டு மேரியக்கா சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு பேர் குடையோடு பக்கத்தில் நிற்கும்போது, முதலில் அவர் விரிக்கட்டும் என்று இரண்டு பேருமே காத்திருந்தால் நனைவது யார் என்று நான் யோசிக்கவில்லை.

உன் காலுக்கு இரும்புப் பட்டையும் தோல் வாரும் வைத்த பூட்ஸ் வேண்டும் என்று டாக்டர் எழுதினார். நீ வளர வளர அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கொடுக்க இன்ஷூரன்ஸில் வழி இருந்தது. வழியில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால், காதில் பென்சில் செருகிய ஒரு கிளார்க் இருந்தார். அப்பா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார். நான் பின்னால், மருந்து மிக்ஸ்சர் வாங்கக் காலிப் பாட்டிலோடு நின்றேன்.

"வூட்டம்மா இன்னா வேலை செய்யுது?" என்றார் கிளார்க்.

"ஸ்கூல்ல டீச்சர்."

"அங்க வைத்தியத்துக்கு ஒண்ணும் குடுக்கறதில்லையா?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. ஆயுள் முழுவதும் அதனால் அவர் பட்ட தொந்தரவு கொஞ்சமில்லை. "ஒரு நிதி இருக்கு சார்" என்றார்.

"அப்ப மொதல்ல அங்க போய்க் கேளு. அவங்க இல்லைன்னு எழுதிக் குடுத்தா எடுத்துகினு வா. நாங்க ரெண்டாவதுதான். ரெண்டு எலையில ஒரே ஆளு துன்னக் கூடாதுல்ல."

இந்த விதி எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் ஒரு விதியை நம்பினால் போதும், வெளியே நிற்பவருக்கு அது சட்டம். நாங்கள் திரும்பி வந்தோம். மறுநாள் பள்ளித் தாளாளருக்கு நான் ஒரு விண்ணப்பம் எழுதினேன்.

அந்தப் பழைய தாளாளரை உனக்கு நினைவிருக்கும். கறுப்புக் கோட்டு, சிரிப்பில்லாத முகம். அவர் வராந்தாவில் நடந்தால் காக்கைகூட மரம் மாறி உட்காரும். என் விண்ணப்பத்தைப் படித்து அன்று சாயங்காலமே பதில் அனுப்பினார். நிதி மருந்துக்கு மட்டும், பூட்ஸ் மருந்தல்ல, ஆகவே இயலாது. ஒரே வாக்கியம், கீழே கையெழுத்து, பள்ளி முத்திரை. அப்பா அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "என்ன அழகா இல்லைன்னு சொல்லிருக்கார் பாரு" என்றார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஜன்னல் திறந்தது. உனக்கு பூட்ஸ் வந்தது.

பிறகு அது நம் வீட்டு வழக்கமாகிவிட்டது. மற்ற வீடுகளில் ஜூன் மாதம் புதுப் புத்தகத்துக்கு அட்டை போடுவார்கள். நம் வீட்டில் மறுக்கப்படுவதற்காக விண்ணப்பம் எழுதுவோம். நிஜமாகவே கேட்பதுபோல இருக்க வேண்டும், ஆனால் கொடுத்துவிடும்படி இருக்கக் கூடாது. அந்த நடை எனக்கு நன்றாகவே கைவந்தது. அதற்கு 'இல்லைச் சீட்டு' என்று பெயர் வைத்தது நீதான். நான் பள்ளியிலிருந்து வரும்போது நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "இல்லைன்னுட்டாங்களாம்மா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாய். ஆமாம் என்றால் கை தட்டுவாய். நான் ரவா கேசரி கிளறுவேன். இந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது என்பதுபோல மேரியக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பார். ஜன்னல் கிளார்க்கும் நாளடைவில் பழகிவிட்டார். "இந்த வருஷமும் இல்லைன்னுட்டாரா? தங்கமான மனுஷன்பா" என்று சீட்டை வாங்கிக்கொள்வார். பூட்ஸ் போட்டு நீ தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நடக்கும்போது எழும் இரும்புச் சத்தம், எலெக்ட்ரிக் ரயில் வருவதற்கு முன்பே எனக்குக் கேட்கும்.

நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் உன் பாதத்தை மடக்கிப் பார்த்துவிட்டு, குதிகாலுக்கு மேலே தசைநார் இறுகிக்கொண்டு வருகிறது, பூட்ஸ் மட்டும் போதாது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். "இந்தப் பெரிய லீவுல பண்ணிடணும்மா. தள்ளிப் போட்டா பாதம் இப்படியே நின்னுடும், அப்புறம் நான் பண்ணாலும் பிரயோஜனம் இருக்காது." அதற்கும் சீட்டு வேண்டும் என்றது ஜன்னல். நாங்கள் கவலைப்படவில்லை. சீட்டு வாங்குவதில் நமக்கு இருந்த அனுபவம் தாம்பரத்தில் வேறு யாருக்கும் இருந்திருக்காது.

அந்த வருஷம்தான் பழைய தாளாளர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் நல்லவர். இதை நான் ஏளனமாகச் சொல்வதாக நினைக்காதே. மாலை ஜெபக்கூட்டத்தில் மற்றவர்களின் துன்பத்தைக் கேட்டுக் கண் துடைத்துக்கொள்பவர். பியூனைக்கூட 'வாங்க' என்பவர். என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"டீச்சரம்மா, பூட்ஸுக்கு இல்லைன்னாங்களாமே. மனசு கஷ்டமாப் போச்சு. இது ஆபரேஷன். நம்ம பிள்ளைக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறோம்? கமிட்டியில வைக்கிறேன். பார்க்கலாம்."

நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதர் எங்கள்மேல் இரக்கப்பட்டிருந்தார். பெரிய லீவுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணினேன்.

கமிட்டி அந்த மாதம் கூடவில்லை. அடுத்த மாதம் கூடியது, ஆனால் கோயில் கூரை விஷயம் பேசி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. பிறகு ஒரு உறுப்பினருக்கு உடம்பு சரியில்லை. ஒவ்வொரு தடவையும் தாளாளரே என்னைத் தேடி வந்து சொல்வார். "மறக்கல டீச்சர். பார்க்கலாம்." அவர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. வகுப்பு இல்லாத பீரியடில் எல்லாம் நான் அதில் உட்கார்ந்திருந்தேன். மறுக்கப்பட்டவருக்கு எழுந்து போக ஒரு திசை இருக்கிறது. ஏற்கப்பட்டவருக்கும் இருக்கிறது. 'பார்க்கலாம்' என்று சொல்லப்பட்டவருக்குப் பெஞ்சு மட்டும்தான். அதில் என்னோடு உட்கார ஒருவரும் இல்லை. அப்பாவுக்கு ஷிப்ட். சக டீச்சர்களோ, இவ்வளவு நல்ல தாளாளர் கிடைத்தும் இவளுக்கு என்ன குறை என்று நினைத்தார்கள். யார்மேலாவது கோபப்படலாம் என்றால், கோபப்படும்படி ஒருவர்கூட நடந்துகொள்ளவில்லை. பழையவரை நினைத்து ஏங்கினேன். ஜெபத்தில் அவர் பெயரைச் சேர்த்தேன்.

அப்பா ஜன்னலில் கேட்டுப் பார்த்தார். "அவங்க குடுக்கறேன்னு சொல்றாங்கல்ல? அப்ப நாங்க எப்படிக் குடுக்கறது? குடுக்கலைன்னா குடுக்கலைன்னு எழுதி வாங்கிகினு வா, நாஸ்டா துன்றதுக்குள்ள முடிச்சுக் குடுக்கறேன்" என்றாராம் கிளார்க். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய தரப்பும் சரி, தாளாளரின் தரப்பும் சரி. தப்பான இடத்தில் இருந்தது உன் பாதம் மட்டும்தான். அது ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் கீழ்நோக்கித் திரும்பியது. குளிப்பாட்டும்போது அதை நேராக அழுத்திப் பிடிப்பேன். கையை எடுத்ததும் திரும்பிக்கொள்ளும்.

பெரிய லீவுக்கு அதிக நாள் இல்லை என்று ஆனபோது தாளாளர் வீட்டுக்கே போனேன். வரவேற்றார். அவர் மனைவி காபி கொடுத்தார்.

"சார், ஒரே ஒரு உதவி. இல்லைன்னு எழுதிக் கொடுத்துடுங்க."

அவர் முகம் சுண்டிவிட்டது. "நான் இல்லைன்னு சொல்லவே இல்லையே டீச்சர்?"

"அதுதான் சார் கஷ்டம்."

"முடியும்னு நம்பிக்கை இருக்கும்போது முடியாதுன்னு எழுதினா அது பொய் இல்லையா? என் மனசாட்சிக்கு என்ன பதில் சொல்வேன்?"

 அவருடைய மனசாட்சி எவ்வளவு சுத்தமாக இருந்தது என்றால், அதில் உன் கால் வைக்க இடம் இல்லை. காபியைக் குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். விமானப்படை மைதானத்துப் பக்கம் பயிற்சி விமானம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது, இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. அப்பா வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என்ன தீர்மானித்தேன் என்று சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"வேலை போனா திரும்பக் கிடைக்காது. யோசிச்சியா?"

"அவன் கால் போனாலும் திரும்பக் கிடைக்காது."

"சரி. அப்ப நல்ல பேப்பரா எடுத்து எழுது" என்றார்.

ராஜினாமாக் கடிதத்தைத் தாளாளரிடம் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று நீ ஊகித்திருப்பாய். பார்க்கலாம் என்றார். நல்லவேளை, ராஜினாமாவுக்குக் கமிட்டி தேவையில்லை, போகாமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை நான் போகவில்லை. தலைமையாசிரியைக்கு ஒரு தங்கை மகள் இருந்தாள், டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். ஆகவே இரக்கத்தால் மாதக்கணக்கில் நடக்காத காரியம், அந்த வாரத்துக்குள் நடந்தது. இனி இவர் எங்கள் ஊழியர் அல்ல, எந்தச் சலுகைக்கும் உரியவர் அல்ல என்ற கடிதத்தைப் பியூன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தான். நீ கேட்டருகே நின்றிருந்தாய். "இல்லைன்னுட்டாங்களா?" என்றாய். ஆமாம் என்றேன். கை தட்டினாய். அன்றைக்கும் கேசரி கிளறினேன். அப்பா மட்டும் சாப்பிடவில்லை, பசியில்லை என்றார்.

லீவில் ஆபரேஷன் நடந்தது. வார்டில் பிள்ளையோடு ஒருவர்தான் தங்கலாம். நான் தங்கினேன். மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று நீ அழுததும், சீப்பின் பின்பக்கத்தை உள்ளே விட்டுச் சொரிந்ததற்கு நர்ஸ் என்னைத் திட்டியதும் உனக்கு நினைவிருக்கலாம். ஒரு நாள் தாளாளர் ஆரஞ்சுப் பழங்களோடு உன்னைப் பார்க்க வந்தார். அதுவும் நினைவிருக்கலாம். அவர் என் பக்கம் திரும்பி என்ன சொன்னார் என்பது உனக்குத் தெரியாது. "டீச்சர், நல்ல செய்தி. கமிட்டி ஒத்துக்கிச்சு." நன்றி சொன்னேன். பழத்தை உரித்து உனக்குச் சுளை சுளையாகக் கொடுத்தேன். அதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். நான் டீச்சராக இருந்தது அத்தனை வருஷம் அல்ல, அது பாதியில் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு தினமும் பஸ் பிடித்துப் படப்பைக்குப் போய் நான் சொல்லிக்கொடுத்த இடத்தைப் பள்ளிக்கூடம் என்று சொன்னது அதன் சொந்தக்காரர் மட்டும்தான். அங்கே நிதியும் இல்லை, பென்ஷனும் இல்லை, ஆகவே 'இல்லை' என்று எழுதி வாங்கவேண்டிய சிரமமும் இல்லை. இரண்டாவது பாதுகாப்பாக இருந்த அப்பாவின் இன்ஷூரன்ஸ்தான் அப்புறம் உனக்கு முதலும் கடைசியும். அதற்குச் சம்பள உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் பாதுகாப்புப் போய்விடும். சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்று தொழிற்சாலையில் கூப்பிட்டபோது அப்பா, எனக்கு அவ்வளவு திறமை கிடையாது சார் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் சொன்ன ஒரே பொய் அது என்று நினைக்கிறேன். நீ கடைசி பூட்ஸைக் கழற்றி வைக்கும் வரைக்கும் நம் வீட்டில் முன்னேற்றம் என்பது ஜாக்கிரதையாகத் தவிர்க்கப்பட்டது. இதையெல்லாம் கடன் என்று எண்ணிக்கொள்ளாதே. நாங்கள் லாபத்தில்தான் முடித்தோம். உன் கல்யாணத்தன்று நீ எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலின் நீள நடையில் வந்தாய். லேசாகத்தான் சாய்ந்தாய். இரும்புச் சத்தம் இல்லை. என் பக்கத்தில் அப்பாவுக்கு விட்டிருந்த இடம் காலியாக இருந்தது. மற்றபடி எல்லாம் சரியாக இருந்தது.

இப்போது உன் வேண்டுகோள். கெஜட்டட் அதிகாரி என்று தேடியபோது நம் பக்கத்தில் எனக்கு அகப்பட்டவர் சர்க்கார் மாட்டு டாக்டர்தான். போனேன். ஒரு எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து, நான் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். கணவர் இல்லை, வருமானம் இல்லை, வேறெங்கிருந்தும் எந்த உதவியும் இல்லை, மகனைத் தவிர வேறு ஆதரவு இல்லை.

"வேற யாருமே இல்லையாம்மா?" என்றார்.

"ஃபாரத்துல அப்படித்தான் டாக்டர் கேட்டிருக்கு."

"அது சரி. நிஜமாவே?"

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நான் விரலால் காட்டினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். வாழ்நாளில் எத்தனையோ விண்ணப்பம் எழுதிவிட்டேன், கொஞ்சம் கூட்டிக் குறைக்காமல் எழுதியது இது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து உறையில் போட்டு ஒட்டும்போது, இல்லைச் சீட்டு கிடைத்துவிட்டது என்று சொல்ல வாய் எடுத்தேன். கேட்டருகே யாரும் இல்லை.

கடைசியாக உன் 'பார்க்கலாம்'. எஸ்தரின் வீட்டார் கோயம்புத்தூரில் உங்களை எதிர்பார்ப்பார்கள், கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ், நியாயம். உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம், அதுவும் நியாயம். என் மனம் நோகக் கூடாது என்றுதான் நீ அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும். அந்த நல்ல தாளாளரும் அதற்காகத்தான் அப்படிச் சொன்னார். இது உன் தப்பல்ல. 'இல்லை' என்று கேட்டால் கை தட்ட உன்னைப் பழக்கினேன். அதைச் சொல்லப் பழக்க மறந்துவிட்டேன். ஆகவே இந்த வயதில், தபாலில், அந்தப் பாடத்தை நடத்துகிறேன். எஸ்தரிடமும், நாளைக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்களிடமும், முடியாததை முடியாது என்று சொல்லிவிடு. அவர்கள் அழுதுவிட்டு எழுந்து அடுத்த ஜன்னலுக்குப் போவார்கள். உட்கார வைத்துவிடாதே.

எனக்கு அடுத்த ஜன்னல் கிடையாது. மாட்டு டாக்டரே அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வெளியே வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வருகிறோம் என்றால் வருகிறோம் என்று எழுது. இல்லை என்றால் ஒரு கார்டில், ஒரே வாக்கியத்தில், கீழே கையெழுத்தோடு இல்லை என்று எழுது. ரவை வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டில் எது வந்தாலும் கேசரி கிளறுவேன்.

அம்மா